சக்கரத்தின் கடிவாளம்

பிரேக்கிற்கு இக்கால அரபியில் மிக்பஹ் என்று பெயர். குதிரையின் கடிவாளத்தை இழுத்து அதன் ஓட்டத்தை அடக்குதல் என்னும் பொருளுடைய கபஹ என்ற வினையினின்று பிறந்த கருவிப்பெயர் அது. தமிழரோ தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இட்டுப் பழகியவர். கடிவாளம் உயிரை அடக்குவது. முட்டுக்கட்டை பாரத்தைத் தடுப்பது. இன்றைய காரின் முன் சக்கரத்துள் இருப்பதோ இவ்விரண்டும் அன்று. அஃது ஒரு கவ்வு.

சக்கரத்தோடு உடன் சுழலும் இரும்புத் தட்டை டிஸ்க் என்கின்றனர். அதன் இரு மருங்கிலும் பேடுகள். அவற்றைத் தாங்கி நிற்பது காலிப்பர். நாம் மிதியை அழுத்தினால் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, பேடுகள் தட்டைக் கவ்வுகின்றன. ஓட்டம் அழிந்து வெப்பமாகிறது. 1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தினின்று நிற்கும்போது எழும் வெப்பம், ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஏறத்தாழ 33 பாகை உயர்த்தப் போதுமானது. வேகம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்காகும். விரைந்து ஓட்டும் இளைஞர் இக்கணக்கை ஒருமுறையேனும் போட்டுப் பார்க்கலாம்.

வெப்பத்தையும் உராய்வையும் தாங்கித் தாங்கியே பேடு தேய்கிறது. உராயும் பகுதி 3 மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்தால் மாற்றிவிடுவதே முறை. பல பேடுகளில் சிறு எஃகுத் தகடு ஒன்றை அமைத்துள்ளனர். தேய்வு எல்லையை எட்டியதும் அது தட்டில் உரசிக் கீச்சிடும். நம் இல்லத்துக் காரிலும் அவ்வொலி எழுந்தது.

"நாமே மாற்றிவிடுவோம், பெரிய வாப்பா" என்றான் தம்பி மகன். இல்லாளோ, பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியில் இப்படிக் கைவைக்கலாமா என்று வினவினார். நியாயமான வினாவே. வண்டியில் இருப்போர் உயிர் மட்டுமன்று, தெருவில் நடப்போர் உயிரும் அம்மிதியின் கீழ்தான் இருக்கிறது. கூலியை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இவ்வேலையில் இறங்குவோரை நாம் ஆதரியோம். கண்ணால் கண்டு தெளிய விரும்புவோர் செய்யலாம். அதுவும் பேடு அளவில். எண்ணெய்க் குழாயைக் கழற்றும் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளல் ஆகாது.

சமதரையில் காரை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்து, சாவியை நம் ஜிப்பாப் பையில் இட்டுக்கொண்ட பின்னரே தொடங்கினோம். சக்கர நட்டுகளைச் சற்றே தளர்த்திய பிறகு ஜாக்கியை ஏற்ற வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. கீழே ஸ்டாண்டு வையாமல் காருக்கடியில் கைநீட்டுதல் பேதைமை. காலிப்பரின் போல்ட்டைக் கழற்றியதும் அதனை ரப்பர்க் குழாயிலேயே தொங்கவிடலாகாது. கம்பி கொண்டு மேலே கட்டினோம்.

தூசியை வாயால் ஊதப்போன பையனைத் தடுத்தோம். முற்காலப் பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்துகள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் விளைப்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரை விலக்கிவிட்டது. கல்நார் இல்லாப் பேடாயினும் அதன் தூசி நல்லதன்று; ஈரத்துணியால் துடைத்தெடுத்தலே தகும்.

புதுப் பேடு தடிமனானது. ஆகவே பிஸ்டனைக் கிளாம்ப் இட்டு மெல்ல உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது மேலுள்ள சிறு தொட்டியில் எண்ணெய் ஏறும். வழிந்தால் காரின் வண்ணத்தைக் கெடுக்கும். ஒருவர் அங்கே கண் வைத்திருத்தல் நன்று. நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் தடவலாம். பேடின் முகத்திலோ தட்டிலோ ஒரு துளியும் படலாகாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் ஒருபுறம் இழுக்கும். இரு முன் சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றினோம்.

பூட்டி முடித்ததும் பையன் சாவிக்குக் கை நீட்டினான். இவ்வேலையின் பேராபத்து இவ்விடத்திற்றான் உள்ளது. பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால், அது மீண்டும் பேட்டை எட்டும்வரை மிதியில் பிடிப்பே இராது. முதல் அழுத்தில் மிதி வெறுமனே தரைவரை இறங்கும். அந்நிலையில் வண்டியை வாசலினின்று இறக்கினால் நிறுத்த எதுவும் இல்லை. எதிர்வீட்டுச் சிறுவர் பந்தாடும் நேரம் வேறு. இயந்திரத்தை முடுக்காமல், நின்ற இடத்திலேயே, மிதியைப் பன்முறை அழுத்தச் சொன்னோம். நான்காம் அழுத்தில் சிறிது எதிர்த்தது. ஏழாம் எட்டாம் அழுத்தில் கல்லை மிதித்தாற்போல் நின்றது. அதன்பின் தொட்டியின் எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தோம்.

தெருவில் நடைவேகத்திலேயே இருமுறை நிறுத்திப் பார்த்தான். புதுப் பேடு தட்டோடு இணங்கும்வரை, முதற்சில நூறு கிலோமீட்டருக்குத் திடீரென அழுத்தி மிதிப்பதைக் கூடியவரை தவிர்க்குமாறு கூறியுள்ளோம். பின் சக்கரங்களில் உள்ளவை பழைய முறை டிரம் பிரேக்குகள். அவற்றுள் சுருள்வில்கள் பல. அவற்றை மெக்கானிக்கிடமே விட்டுவிட்டோம்.