கோட்டையிலிருந்து கோட்டைக்கு

ஹவானா நகரத்தை விட்டு இரவு விமானத்தில் புறப்பட வேண்டிய ஒரு பிரயாணி, கைவசமிருக்கும் கடைசிப் பகலை ஒரே ஒரு சாலைக்குக் கொடுத்துவிடுவதென்று தீர்மானித்தால், அந்தச் சாலை மலேக்கோனைத் தவிர வேறொன்றாக இருக்க நியாயமில்லை. துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் லா புந்தா கோட்டையில் தொடங்கி, மேற்கே அல்மெந்தாரெஸ் நதி கடலில் கலக்குமிடத்து லா சொர்ரேரா கோட்டையில் முடிகிற இந்தக் கடற்கரைச் சாலை சுமார் 8 கிலோமீட்டர் நீளம். மேற்கு நோக்கி நடப்பவனுக்கு வலப்புறம் நெடுகிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர், சுவருக்கு அப்பால் சமுத்திரம். அரசாங்க ஏடுகளில் இதற்குத் தளபதி மாசேயோவின் பெயர் உண்டு. ஜனங்கள் அந்தப் பெயரை உபயோகித்து நான் கேட்டதில்லை. கியூபா கரீபியன் தீவுகளிலெல்லாம் பெரியதாயினும், அதன் தலைநகரம் பார்த்துக்கொண்டிருப்பது கரீபியன் கடலை அன்று. வடக்கே, புளோரிடா ஜலசந்தியை. அந்த வடதிசையே இச்சாலையின் சரித்திரம் முழுவதையும் நிர்ணயித்தது என்பது, அதைக் கால்நடையாகக் கடந்தபோது எனக்கு உண்டான அபிப்பிராயம்.

லா புந்தா சிறிய கோட்டை. 1555-ஆம் வருஷத்தில் ழாக் தெ சோர் என்ற பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரன் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனான்; மெக்ஸிகோவிலிருந்தும் பெருவிலிருந்தும் வெள்ளி ஏற்றிவரும் கப்பல்களெல்லாம் ஸ்பெயினுக்குத் திரும்புமுன் ஹவானாவில்தான் ஒன்று கூடின. ஆகவே அந்த நூற்றாண்டின் இறுதியில் அரசர் இரண்டாம் பிலிப், அந்தோனெல்லி என்ற இத்தாலிய நிபுணரை அனுப்பி, வாயிலின் இக்கரையில் இதையும், அக்கரைப் பாறையின்மேல் எல் மோரோவையும் எழுப்பச் செய்தார். இரண்டுக்கும் இடையே சங்கிலியை இழுத்துக் கட்டி வழியை அடைத்தார்கள். 1762-இல் வந்த ஆங்கிலேயரோ வாயிலை அணுகாமல் கிழக்கே கரையிறங்கி, நிலத்தின் வழியாக எல் மோரோவை முற்றுகையிட்டுப் பிடித்து, மறுவருஷம் புளோரிடாவைப் பெற்றுக்கொண்டு ஹவானாவைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நகரத்தைக் கொடுத்து ஒரு பிரதேசத்தை வாங்கலாம் என்பது அக்காலத்து ராஜதந்திரம். அதற்குப் பிறகு ஸ்பானியர் எதிர்க்கரையில் கட்டிய பெரிய கோட்டையாகிய லா கபான்யாவிலிருந்து, நகர மதிலின் கதவுகள் சாத்தப்படுவதை அறிவித்த பீரங்கி, மதிலும் கதவும் மறைந்து வெகுகாலமான பின்னும், இரவு 9 மணிக்குத் தவறாமல் முழங்குகிறது.

சாலையைப் போடத் தொடங்கியவர்களும் கடல் வழியே வந்தவர்களே. ஸ்பெயினை வென்று தீவை ஆக்கிரமித்திருந்த அமெரிக்க ராணுவ நிர்வாகம், லெனர்ட் உட் என்ற தளபதியின் காலத்தில், 1901-இல் இந்தக் கடற்சுவருக்குக் கால்கோள் செய்தது; பின்வந்த அரசாங்கங்கள் துண்டு துண்டாக மேற்கே நீட்ட, நதியின் கரையை அது எட்டியது 1950-களில்தான். லா புந்தாவை விட்டு நடந்தால் முதலில் வருவது மத்திய ஹவானாவின் பழைய வீட்டு வரிசை. தூண்கள் தாங்கிய நடைபாதைகள், மேல்மாடங்கள், இளநீலமும் இளஞ்சிவப்பும் வெளிர்மஞ்சளும் பூசிய முகப்புகள் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. ஒரு வீடு நேற்றுப் புதுப்பித்ததுபோல் பளிச்சென்று நிற்கும். அடுத்த வீட்டில் முகப்பு மட்டும் இருக்கும், உள்ளே ஆகாயம் தெரியும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாடைக்காற்று வீசும் நாட்களில் அலைகள் சுவரைத் தாண்டிச் சாலையில் விழ, போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 2005-இல் வில்மா, 2017-இல் இர்மா என்ற புயல்களின்போது கடல் தெருக்களுக்குள்ளேயே புகுந்தது.

ஆனால் கடலைத் தடுப்பதற்காகக் கட்டிய சுவரை ஹவானாவாசிகள் ஆசனமாக்கிக்கொண்டதுதான் இங்கே விசேஷம். காதலர்களும் கிதார்க்காரர்களும் ரம் போத்தலைப் பகிர்ந்துகொள்ளும் வாலிபர்களும், காகிதக் கூம்புகளில் வேர்க்கடலை விற்கிற கிழவிகளும், மின்சாரம் போன இரவுகளில் வீட்டுப் புழுக்கம் பொறுக்காத குடும்பங்களும் இதன்மேல் அமர்கிறார்கள். காசு கேட்பார் இல்லை. பகலில் தூண்டிற்காரர்களின் ராஜ்யம். தூண்டிற்கயிற்றைத் தொலைவுக்குக் கொண்டுசெல்ல அவர்கள் மிதக்கவிடும் ஊதிய ரப்பர் உறைகள் மருந்துக்கடையில் எந்த உபயோகத்துக்காக விற்கப்படுபவை என்று விஸ்தரிப்பது இந்தக் கட்டுரையின் மரியாதைக்கு ஒவ்வாது. காற்று அவற்றை இழுத்துச் செல்லும் வேகம் மெச்சத்தக்கது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடலையே பார்த்துக்கொண்டு நடந்த எனக்கு ஏதோ குறைகிறதென்று நெடுநேரம் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு சிறு படகுகூட இல்லை. இருபது லட்சம் ஜனங்கள் வாழும் துறைமுக நகரத்தின் எதிரே கடல் வெறுமையாய்க் கிடக்கிறது!

அதற்குக் காரணம் உண்டு: படகு கிடைத்தால் ஜனங்கள் வடக்கே போய்விடுவார்கள் என்ற அரசாங்கத்தின் அச்சம். சோவியத் ராஜ்யம் வீழ்ந்து, அதன் உதவி நின்று, தீவு பட்டினியால் வாடிய காலத்தில், 1994 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, இந்தச் சாலையிலேயே ஜனங்கள் திரண்டு கலகம் செய்தார்கள். ஃபிடல் காஸ்ட்ரோவே நேரில் வந்தார். அதன்பின், போக விரும்புகிறவர்களைத் தடுப்பதில்லை என்று அரசாங்கம் அறிவிக்க, லாரிச் சக்கரங்களின் ரப்பர்க்குழாய்களையும் பலகைகளையும் கட்டி மிதவையாக்கிக்கொண்டு ஏறத்தாழ 35,000 பேர் அந்தக் கோடைக்குள் கடலில் இறங்கினார்கள். அமெரிக்காவின் கீ வெஸ்ட் இங்கிருந்து சுமார் 170 கிலோமீட்டர். சேர்ந்தவர்கள் உண்டு, நடுவழியில் பிடிபட்டு அமெரிக்கரின் குவாந்தனாமோ முகாமில் கிடந்தவர்கள் உண்டு, எங்கும் சேராதவர்களும் உண்டு. சுவரின்மேல் அமர்ந்து வாளியில் இரண்டு சிறு மீன்களைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், எந்த நாடு என்று என்னைக் கேட்டார், இந்தியா என்றேன். எப்போது புறப்படுகிறீர்கள் என்றார், இன்றிரவு என்றேன். "விமானத்திலா, ஐயா?" என்று மிகுந்த கம்பீரத்துடன் விசாரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

மாசேயோவின் குதிரைச் சிலையையும், அவர் 1896-இல் ஸ்பானியரோடு பொருது மடிந்த வீரர் என்பதையும், சிலைக்கு எதிரே தேசிய வங்கிக்கென்று தொடங்கப்பட்டுக் காஸ்ட்ரோவின் புரட்சிக்குப் பின் ஆஸ்பத்திரியாய் முடிந்த நெட்டைக் கட்டடத்தையும் சொல்லிவிட்டு மேலே போகலாம். நண்பகல் வெயிலில் அங்கே நிற்க முடியவில்லை.

அடுத்து ஒரு குன்றின்மேல் ஹோட்டல் நாஸியோனால். 1930-இல் திறந்த இந்த விடுதியின் தோட்டத்தில் ஸ்பானியரின் பீரங்கிகள் இன்னும் கடலை நோக்குகின்றன. 1946 டிசம்பரில் இங்கேதான் லக்கி லூசியானோவும் மேயர் லான்ஸ்கியும் அமெரிக்காவின் ஏனைய கொள்ளைக்கூட்டத் தலைவர்களும் கூடி மந்திராலோசனை செய்தார்கள். 1962-இல் ஏவுகணை நெருக்கடி வந்தபோது அதே தோட்டத்தில் பதுங்குகுழிகள் வெட்டினார்கள். வடக்கேயிருந்து யாரோ வரப்போகிறார்கள் என்ற எதிர்பார்ப்பு, அச்சமாகவோ ஆசையாகவோ, ஒரே தோட்டத்தில் இத்தனை வேஷங்கள் போட்டிருக்கிறது. குன்றின் அடிவாரத்துக்கு அருகே, 1898 பிப்ரவரி 15-ஆம் தேதி ஹவானாத் துறைமுகத்தில் வெடித்து, 260-க்கு மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பலான 'மெய்ன்' நினைவாக, 1925-இல் நிறுவிய இரட்டைத் தூண்கள். அந்த வெடிப்பே அமெரிக்கா ஸ்பெயினோடு நடத்திய யுத்தத்துக்கு முகாந்திரமாயிற்று. தூண்களின் உச்சியில் அமர்ந்திருந்த வெண்கலக் கழுகை 1961-இல் கீழே தள்ளினார்கள். உடல் நகர அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தலை அமெரிக்க உத்தியோகஸ்தர்களிடம் சேர்ந்தது.

அந்த உத்தியோகஸ்தர்களின் மாளிகை சற்றுத் தூரத்திலேயே, கடலுக்கு முகம் காட்டி நிற்கிறது. 1953-இல் கட்டியது, 1961-இல் தூதுறவு முறிந்ததும் பூட்டியது, 1977-இல் வேறு பெயரில் பாதி திறந்தது. 2006-இல் அமெரிக்கர் அதன் நெற்றியில் மின்விளக்கு எழுத்துகளில் அரசியல் செய்திகளை ஓட்ட, கியூபா அரசாங்கம் எதிரே 138 கம்பங்களை நட்டுக் கறுப்புக் கொடிகளால் அந்த எழுத்துகளை மறைத்தது. இரண்டு ராஜ்யங்கள் இவ்வாறு எழுத்தும் துணியுமாகச் சண்டையிட்ட ஸ்தலம் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகமே. 2015-இல் மீண்டும் தூதரகமாகி, 1961-இல் கொடியை இறக்கிய மூன்று சிப்பாய்களே முதியவர்களாய் வந்திருக்க, கொடி ஏறியது. ஆனால் 2017-இல் தூதரக ஊழியர்களுக்கு விளங்காத நோய் கண்டதென்று விசா வேலையை ஏறக்குறைய நிறுத்தினார்கள். வடக்கே குடியேற விரும்பிய ஹவானாவாசி, நேர்காணலுக்காகத் தெற்கே பறந்து தென் அமெரிக்காவிலுள்ள கயானாவின் தலைநகரம் வரை போய் வர வேண்டியிருந்தது. எதிர்க்கரை 170 கிலோமீட்டர்!

வெதாதோப் பகுதியைத் தாண்டும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. 1957 டிசம்பரில் மேயர் லான்ஸ்கி திறந்த ரிவியேரா விடுதி அங்கே இருக்கிறது. முதலாளியின் பெயர் ஆவணங்களில் சமையற்கூடத்து மேலாளர் என்றுதான் பதிவாகியிருந்ததாம். அமெரிக்கச் சூதாடிகள் அலையலையாக வருவார்கள் என்று நம்பி, முட்டை வடிவில் ஒரு சூதாட்ட மண்டபத்தைக் கட்டினார். ஒரு வருஷம் கழிந்து சில வாரங்களில் புரட்சி வந்தது, 1960-இல் விடுதி தேசத்துக்குச் சொந்தமாயிற்று. கோட்டை கட்டிய அரசரின் கணக்கைவிடச் சூதாட்ட விடுதி கட்டியவரின் கணக்கு சீக்கிரமாகப் பொய்த்தது.

லா சொர்ரேராவில் சுவர் முடிகிறது. அல்மெந்தாரெஸின் தண்ணீரைத்தான் 1592 முதல் வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்தத் தண்ணீரை எடுக்க அந்நியக் கப்பல்களும் வரும் என்பதனால் 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். இப்போது அது உணவுவிடுதி. சாலை சுரங்கவழியாய் நதிக்கு அடியில் நுழைந்து, தூதரகங்கள் நிறைந்த மிராமர் பகுதியில் வேறு பெயரோடு வெளிப்படுகிறது. நான் நதியைக் கடக்கவில்லை. வெதாதோவில் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, பெட்டியை எடுத்துக்கொண்டு, 1950-களின் உடலுக்குள் பிற்காலத்து டீசல் இயந்திரம் பொருத்திய ஓர் அமெரிக்கக் காரை நிறுத்தினேன். விமான நிலையம் என்றதும் ஓட்டுநர் இறங்கிவந்து, இந்த ஒரு பெட்டி மட்டுந்தானா என்று கேட்டார். ஆமென்றேன். மியாமியிலிருந்து வரும் உறவினர்கள்தாம் மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள், போகிறவர்களுக்கு இது தாராளம் என்று தாமே சொல்லிக்கொண்டு, பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டு, வாடகையை டாலரில் பேச ஆரம்பித்தார்.