கயிற்றைப் பிடித்த கை

மாலை ஐந்து மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அடுப்பில் பால் பொங்கும். பள்ளிவிட்டு வந்த பிள்ளை பையை ஒரு மூலையிலும் செருப்பை ஒரு மூலையிலும் வீசியிருக்கும். "ராத்திரிக்கு என்ன?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்த ஐந்து மணிக்கு, ஊரார் பிள்ளைகள் 20 பேரைத் தன் வாசலில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தர ஒரு பெண் முன்வருகிறாள் என்றால், அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு இருக்கவேண்டும்!

அப்படி முன்வந்த பெண்களில் ஒருத்தியை நான் நோகடித்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதிதான். பத்தொன்பது மாதம்! இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளை, ஒன்றாம் வகுப்பையே பார்த்திராத பிள்ளை. 'அ' எழுதச் சொன்னால் என் முகத்தைப் பார்க்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27-ல் மரக்காணம் பகுதியில் முதலமைச்சர் தொடங்கிவைத்தார். முதலில் 12 மாவட்டங்கள், பிறகு மாநிலம் முழுவதும். மாலை ஐந்து முதல் ஏழு மணிக்குள் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு. பிளஸ் டூ படித்தவர்கள் 1 முதல் 5 வரையிலான பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர்கள் 6 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம் என்பது அன்றைய விதி. ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். இதற்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

நான் தூத்துக்குடியில் ஆசிரியை. என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்டு வேலை. எங்கள் பகுதித் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, வழிநடத்தும் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு 2022-ல் எனக்கு வந்தது. 'பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் பெரியவர்களுக்கு நடத்த மாட்டேனா?' என்று தைரியமாகத் தலையாட்டிவிட்டேன்.

பயிற்சி நாட்கள் கல்யாண வீடு போலிருந்தன. திரேஸ்புரத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களின் மனைவிமார், உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள், காலேஜ் முடித்துவிட்டு வரனுக்குக் காத்திருக்கும் பெண்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு இளம் தாய்மார் எல்லோரும் வந்தார்கள். பாட்டும் கதையும் விளையாட்டுமாகச் சொல்லித் தரவேண்டும் என்பது திட்டம். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல், சிப்பியை அடுக்கிப் பெருக்கல் வாய்ப்பாடு! முதல் நாள் வாயே திறக்காத பெண், மூன்றாம் நாள் கரடி வேஷம் கட்டி ஆடினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சோதனை. தினமும் வருகைப் பதிவைச் செல்போன் செயலியில் ஏற்றவேண்டும். இரவு சமையலை முடித்துவிட்டு நான் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் பதிந்தார்கள், யார் பதியவில்லை, எத்தனை மையம், எத்தனை பிள்ளை... கனவில்கூட எண்கள்தான் வந்தன!

அந்தப் பங்குனி மாதம் ஒரு தன்னார்வலரின் மையத்திலிருந்து தொடர்ந்து ஐந்து நாள் பதிவு வரவில்லை. உப்பளத்துப் பெண் அவள். விடியற்காலை நான்கு மணிக்கு அளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு மதியம் திரும்புவாள். சமைத்து, துவைத்து, ஐந்து மணிக்கு வகுப்பு எடுப்பாள். என் பகுதியில் அவளைப் போலக் கதை சொல்ல ஆளில்லை. ஆனால் அன்று எனக்கு அவள் முகம் தெரியவில்லை, காலிக் கட்டம்தான் தெரிந்தது. எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், பதிவு செய்யாதவர்கள் பட்டியலைப் போட்டேன். முதல் பெயர் அவளுடையது. கீழே ஒரு வரி வேறு: "முடியாதவர்கள் முன்பே சொல்லியிருக்கலாம்."

பத்து நிமிஷத்தில் அவள் குழுவைவிட்டு விலகிவிட்டாள்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபமும் குழப்பமுமாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். என் மாமியாருக்கு அப்போது 75 வயது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு கதையை ஆரம்பித்தார்கள்.

"எங்க அப்பா முத்துக்குளிக்கப் போவாக. கல்லக் கட்டிட்டு முங்குவாக. மேல தோணியில கயித்தப் பிடிச்சிட்டு ஒருத்தர் நிக்கணும்லா? அது எங்க தாய்மாமாதான். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டாக. ஏன்னு கேளு... தங்கச்சி தாலிக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு அவருக்குத்தான பயம் இருக்கும்! கயிறு லேசா அசைஞ்சாப் போதும், சட்டுன்னு தூக்கிருவாரு."

தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அப்போது என் மாமியார் பாவாடை கட்டிய சிறுமி. இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்று முடிவில் ஒரு கேள்வியும் வந்தது.

"நீ கயித்தப் பிடிச்சிருக்கியா, இல்ல மேல வந்த சிப்பிய மட்டும் எண்ணிட்டு இருக்கியா பிள்ள?"

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மாலை அவள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

தெருமுனையிலேயே பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வாசலில் 15, 16 பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நடுவில் நின்று அட்டைகளைக் காட்ட, மற்றவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடுத்து அந்த நரிக் கதைய விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிப்போமா?"

"அக்காவுக்குக் கண்ணு வலி டீச்சர். வெளிச்சம் பட்டா கூசுது. அதான் உள்ளேயிருந்து கதை சொல்லுதாங்க" என்றது ஒரு வாண்டு.

ஐந்து நாளும் வகுப்பு நடந்திருக்கிறது! பதிவுதான் நடக்கவில்லை. கண் சிவந்து நீர் வடிந்ததால் செல்போன் திரையைப் பார்க்க முடியவில்லை. அவள் கணவர் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். குழுவில் நான் போட்ட பட்டியலை அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார். "ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப்பிள்ளைகள மேய்ச்சது போதாதுன்னு இந்தப் பேச்சு வேறயா?" என்று அவரே குழுவிலிருந்து விலகியிருக்கிறார்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு, "வாங்க டீச்சர், உக்காருங்க... காப்பி போடச் சொல்லவா?" என்றாள். அந்தக் காப்பியைக் குடிக்கும்போது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அன்றிரவே அதே குழுவில் எழுதினேன். "வகுப்பு நடந்திருக்கிறது. விசாரிக்காமல் பெயரைப் போட்டது என் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்." பத்துப் பேர் பார்க்கச் சொன்ன சொல்லுக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்புதானே? மறுநாள் அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

உப்பளத்தில் வேலை செய்யும் சகோதரிகள் இதைக் கவனிக்கவேண்டும். வெள்ளை உப்பின்மேல் பட்டுத் திரும்பும் வெயில், நேர் வெயிலைப் போலவே கண்ணை வாட்டும். கறுப்புக் கண்ணாடியும் முன்பக்கம் நீண்ட தொப்பியும் அலங்காரமல்ல, அவசியம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் முகத்தையும் கண்ணையும் கழுவுங்கள். கண்ணில் தாய்ப்பால் விடுவது, கடையில் கேட்டுச் சொட்டுமருந்து வாங்கிப் போடுவது, இரண்டும் வேண்டாம். சிவப்பு இரண்டு நாளில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வலி அதிகமானாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ அந்த இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அவளுக்கு ஒரு வாரத்தில் குணமானது.

அதன்பிறகு என் வேலைமுறையையே மாற்றினேன். தன்னார்வலர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தேன். பக்கத்துத் தெரு, பழகிய முகமாகப் பார்த்துச் சேர்த்தேன். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் இரண்டு வகுப்பையும் சேர்த்து எடுப்பாள். பதிவு வரவில்லை என்றால் நான் முதலில் கேட்பது ஜோடியிடம்தான்: "அவள் நல்லா இருக்கிறாளா?" என் மாமியார் கதையைக் கேட்டபிறகு அந்தப் பெண்களே இதற்கு 'மச்சான் முறை' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள்.

மாதக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் கணக்கு வழக்கு கிடையாது. ஆளுக்கொரு சுண்டல் பொட்டலம், ஒரு துண்டு கருப்பட்டி. அவரவர் கஷ்டத்தைப் பேசலாம். அந்த அரைமணியில்தான் எனக்கு எத்தனையோ தெரிந்தது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வருமானம் இருக்காது. அப்போது மீனவர் வீட்டுப் பெண்களுக்கு மாலை நேரம் எவ்வளவு இறுக்கம் என்பது அங்கேதான் புரிந்தது. அவர்களுக்கு மட்டும் வகுப்பு நேரத்தை இருட்டுவதற்குள் முடியுமாறு மாற்றிக்கொண்டோம். கைக்குழந்தைக்காரிக்கு வேண்டியிருந்தது புதுப் பயிற்சி அல்ல, ஒன்றரை மணி நேரம் பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு மடி. எதிர்வீட்டுப் பாட்டி சம்மதித்தார். அவர் மடியில் பிள்ளையும், காதில் பாடமும்!

தினமும் உரக்கப் பேசித் தொண்டை கட்டிப்போனவர்களும் உண்டு. வகுப்புக்கு முன் ஏதாவது சாப்பிடுங்கள், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், கத்துவதற்குப் பதில் கை தட்டுங்கள், இரவில் வெதுவெதுப்பான உப்புநீரால் கொப்பளியுங்கள் என்றேன். தன்னார்வலரின் உடம்பைக் கவனிப்பதும் ஒருங்கிணைப்பாளர் வேலைதான் என்று எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லோரும் நிலைத்தார்கள் என்று பொய் சொல்லமாட்டேன். அதே பட்டியலில் இரண்டாவதாக இருந்த பெண் திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு இரண்டு முறை போனேன். "பரவாயில்ல டீச்சர்" என்று சிரித்தாள். ஆனால் வரவில்லை. அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது. சொல்லைத் திரும்பப் பெற்றாலும் சிலரை மட்டும் திரும்பப் பெற முடிவதில்லை.

இந்த மாலை வகுப்புகளால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதாம். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கால் பங்கில் வாசற்படியில் உட்கார்ந்து பாடம் சொன்ன நம் பெண்களின் குரல் இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் மட்டுமா வளர்ந்தார்கள்? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். கற்றுக்கொடுக்க வந்தவர்களும் அந்த இயக்கத்தால் மாறினார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. கரடி வேஷம் கட்டிய பெண் பி.எட். சேர்ந்தாள். வாசலைத் தாண்டாத ஒருத்தி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டாள். உப்பளத்துப் பெண் தபால் வழியில் பட்டப்படிப்புக்குப் பணம் கட்டினாள். முதல் தவணையைக் கட்டியவர் யார் தெரியுமா? குழுவிலிருந்து விலகிய அதே கணவர்தான்!

சகோதரிகளே, மகளிர் குழுவோ, கோயில் கமிட்டியோ, தெருப் பிள்ளைகளுக்கு ஒரு டியூஷனோ, உங்களை நம்பி நாலு பேர் வேலை செய்ய வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வருகிறவரிடம் கணக்குக் கேட்கலாம். மனசுக்காக வருகிறவரிடம் முதலில் சௌக்கியம் கேளுங்கள். பெயரைச் சொல்லிப் பாராட்டுவதை எல்லோர் முன்னிலும் செய்யுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் மாமியார் இன்றும் மாலையில் பஜ்ஜியோ காப்பியோ கையில் வாங்கிக்கொண்டு, "கயித்தப் பிடிச்சியா பிள்ள?" என்று கேட்பார்கள். "பிடிச்சேன்" என்று சொல்ல முடிகிற நாட்களில், நன்றாகத் தூங்குகிறேன்.