எங்கே வைத்துப் பார்ப்பது?

மோட்டார் சாஸ்திரத்தில் எனக்கு உள்ள ஞானம் கதவைத் திறந்து உள்ளே உட்காருவதோடு முடிந்துவிடுகிறது. இறங்கும்போது எந்தப் பிடியை இழுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வது என் வழக்கம். அப்படிப்பட்ட நான், காருக்குள் போகும் காற்றின் உஷ்ணத்தை அளக்கிற ஒரு சின்னஞ்சிறு கருவியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் தங்கைதான்.

சென்ற கோடையில் ஒருநாள் கோயமுத்தூரிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்க ஒரு தடவை வந்து இவனுக்குப் புத்தி சொல்லிட்டுப் போங்க. நான் சொன்னாக் காதிலேயே வாங்கறதில்லை. நல்ல வேலையை விட்டுட்டான். பீளமேட்டிலே ஒரு தகரக் கொட்டகையைப் பிடிச்சு, ராத்திரி பகலா அந்தக் காரைக் கட்டிக்கிட்டு அழறான். சம்பாதிச்சதெல்லாம் அதுக்கே போச்சு. அந்தக் கார் ரோட்டிலே ஓடவும் ஓடாதுங்க அண்ணா!"

கடைசியில் சொன்னதுதான் என்னை ரயில் ஏற்றியது. ரோட்டில் ஓடாத காருக்கு ஒரு மனிதன் வேலையை விடுவானா?

போன பிறகு விஷயம் விளங்கியது. பையன் ஒரு பழைய காரில் டர்போ பொருத்தியிருக்கிறான். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, காரைச் செய்தவர்கள் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டுச் சாலையில் ஓட்டக் கூடாது. ஆகவே அந்தக் கார் கல்யாண மாப்பிள்ளையைப் போல் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறிக்கொண்டு செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகும். அந்த வளையத்திலேயே ஓடிவிட்டுத் திரும்பி வரும். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோன கரிவரதனின் பெயரால் அமைந்த பந்தயக் களம் அது.

இரண்டு மாதங்களுக்கு முன்னால் அங்கே ஓடும்போதுதான் பிஸ்டன் ஒன்று உடைந்தது. தாயும் மகனும் அன்று இரவு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யந்திரத்தை இன்னும் ஒரு தடவை செப்பனிடலாம். அதுவும் போய்விட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பழையபடி வேலைக்குப் போய்விட வேண்டும். நான் போய்ச் சேர்ந்தது வியாழக்கிழமை. பரீட்சை ஞாயிற்றுக்கிழமை.

"மாமா, அம்மா உங்களைப் புத்தி சொல்லக் கூப்பிட்டிருப்பாங்க. சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா முதல்லே இதைப் பாருங்க" என்று கொட்டகைக்குள் அழைத்துப் போனான். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் சொல்ல வந்த உபதேசத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

டர்போ என்பது புதிய சரக்கு அல்ல. ஸ்விட்சர்லாந்துக்காரரான ஆல்பிரட் பியூகி 1905-லேயே அதற்குப் பேடண்ட் எடுத்துவிட்டார். யந்திரம் வெளியே விடுகிற புகையில் ஒரு சக்கரத்தைச் சுழல வைத்து, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தைக் கொண்டு வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், பலமும் கூடும். இனாமாகக் கிடைத்த வரம் போல் இருக்கிறது அல்லவா? வரங்களுக்கு உரிய சங்கடம் இதிலும் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகம் சுடுவதைப் பார்த்திருப்பார்கள். அமுக்கினால் காற்று சூடாகும். 35 டிகிரியில் உள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், சாதாரண டர்போவிலிருந்து அது 90 டிகிரியை ஒட்டி வெளியே வரும். அந்தச் சூட்டைத் தணிக்க முன்புறத்தில் ரேடியேட்டரைப் போலவே இன்டர்கூலர் என்று ஒன்றை வைக்கிறார்கள். அதைக் கடந்தால் 50, 55 டிகிரிக்கு இறங்குகிறது.

சூடான காற்றுக்கு இரண்டு குணங்கள். ஒன்று, அது மெலிந்தது. அதற்கு வேண்டிய பெட்ரோலும் குறைவு. மற்றொன்று, அது முன்கோபி. தீப்பொறி விழுந்து நெருப்பு ஒழுங்காகப் பரவுவதற்குள், ஓரத்தில் இருக்கும் கலவை தானே வெடித்துவிடும். 'நாக்கிங்' என்பார்கள். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். பிஸ்டனை உடைக்கிற சத்தம் அது. அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள், இதற்குப் பயந்து தண்ணீரும் மெதனாலும் கலந்த திரவத்தை யந்திரத்துக்குள் பீய்ச்சும்படி செய்திருந்தார்கள். வாங்கியவர்களில் பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்துபோனார்கள். மனித சுபாவம்!

இந்தக் காலத்துக் காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடு என்று தெரிந்தால், பெட்ரோலைக் குறைத்துத் தீப்பொறியையும் சற்றுத் தாமதப்படுத்திவிடும். ஆனால் அதற்குக் கண் கிடையாது. சென்சார் என்ற கருவி சொல்வதுதான் வேதவாக்கு.

"அந்தச் சென்சார் இருந்த இடம்தான் மாமா தப்பு" என்றான் பையன்.

டர்போ இல்லாத காரில் அது காற்று வடிகட்டியின் பக்கத்தில் இருந்தது. அங்கே இருப்பதில் பிசகு இல்லை. காற்று வருகிறபடியே உள்ளே போகும். டர்போவைப் பொருத்திக் கொடுத்த பட்டறைக்காரர்கள் அதை அங்கேயே விட்டுவிட்டார்கள். அமுக்குவதற்கு முன்னால் உள்ள காற்றைப் பார்த்து, "35 டிகிரி, எல்லாம் க்ஷேமம்" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. யந்திரத்துக்குள் போனதோ 55 டிகிரி. கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தவில்லை. பிஸ்டன் உடைந்தது.

பிறகு பையனே அதை எடுத்து, யந்திரத்தோடு ஒட்டியிருக்கும் அலுமினியக் குழாய்த் தொகுதியில், காற்று சிலிண்டருக்குள் நுழைகிற வாசலிலேயே வைத்தான். இதைவிடக் கிட்டத்தில் வைக்க முடியாது அல்லவா? அதுவும் சரிப்படவில்லை. யந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர் 90 டிகிரி. அந்த அலுமினியம் முழுவதும் கொதிக்கிறது. வண்டி பத்து நிமிஷம் நின்றால் சென்சாரின் பித்தளை உடம்பே சூடேறி, உள்ளே 45 டிகிரிக் காற்று போகும்போது 75 என்று அலறும். கணக்கைப் பாருங்கள்: விஞ்ஞானிகள் உஷ்ணத்தைப் பூஜ்யத்துக்கு 273 டிகிரி கீழிருந்து எண்ணுகிறார்கள். 45 என்பது 318. 75 என்பது 348. கம்ப்யூட்டர் காற்றை நூற்றுக்கு 9 பங்கு மெலிந்ததாக நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். கார் கட்டை வண்டி ஆகிவிடும். சென்சார் ஆற ஆறக் கணக்கும் மாறிக்கொண்டே போகும்.

முதல் இடத்தில் இருந்தபோது அதற்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. இரண்டாவது இடத்தில் தன் சூட்டையே காற்றின் சூடாகச் சொல்லிற்று. பொய் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஆசையா, என்ன? வைத்த இடம் அப்படி.

எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. சென்னையில் வெயில் எவ்வளவு என்று சொல்லும்போது நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு, மீனம்பாக்கத்தில் இவ்வளவு என்று இரண்டு கணக்குச் சொல்வார்கள். இரண்டும் மெய்தான். ஆனால் உஷ்ணமானியை வெயிலில் வைத்தால் அது வெயிலைத்தான் சொல்லும்; சுவரில் மாட்டினால் சுவரைச் சொல்லும். காற்றை மட்டும் சொல்ல வைக்க, பக்கங்களில் சரிவுப் பலகைகள் கொண்ட வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸன் என்ற ஸ்காட்லாந்து எஞ்சினீயர். கலங்கரை விளக்கங்கள் கட்டியவர். 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸனின் தகப்பனார். தம்மைப் போல் எஞ்சினீயர் ஆகாமல் கதை எழுதப் போகிறேன் என்று மகன் சொன்னபோது அந்தப் பெரியவர் ரொம்பவும் மனம் வருந்தினார். காற்றின் உஷ்ணத்தை அறிய வழி கண்டவருக்கும் சொந்தப் பிள்ளையின் விஷயம் எளிதாக இருக்கவில்லை.

"சரி, இப்போது எங்கே வைக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். உபதேசம் பாதி மறந்துவிட்டது.

இன்டர்கூலரிலிருந்து வரும் குழாயில், காற்றை அடைத்துத் திறக்கும் கதவுக்குச் சற்று முன்னால் என்றான். காற்று ஆறிய பிறகு. யந்திரத்தின் சூடு ஏறாத தூரத்தில். கருவியும் புதிது. பழையதில் உணர்வு முனை பித்தளைக்குள் மூடியிருந்தது. புதியதில் அது காற்றில் திறந்தே நிற்கும்; சுருக்கென்று சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை அதை அடுப்பங்கரையில் பரிசோதித்தான். இந்தச் சென்சாருக்குச் சூடு ஏற ஏற மின்சாரத் தடை குறையும். 1833-லேயே மைக்கேல் பாரடே ஒரு வெள்ளிச் சேர்மத்தில் கண்டறிந்த குணம் அது. என் தங்கை முணுமுணுத்துக்கொண்டே ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீரும் அடுப்பில் வெந்நீரும் வைத்துக் கொடுத்தாள். ஐஸில் 9,400 ஓம். வெளியே எடுத்துத் துடைத்து வைத்தால் 2,200. கொதிநீரில் 200-க்கும் கீழே. "கோயமுத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே இருக்கு, இங்கே தண்ணீர் 100-க்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதிச்சுடும்" என்று அதையும் கணக்கில் கழித்துக்கொண்டான்.

தங்கை மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சுடச்சுடக் குறையுதே! என்னைப் போல இல்லை" என்றாள். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் இரண்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் வேடிக்கைப் பேச்சு அது.

குழாயைக் காரிலிருந்து கழற்றியெடுத்து, கணபதியில் ஆர்கான் வெல்டிங் செய்யும் ஒரு பெரியவரிடம் போனோம். காரில் இருக்கும்போதே துளை போட்டால் அலுமினியத் தூள் யந்திரத்துக்குள் போய்விடுமாம். பெரியவர் துளை போட்டு, உள்ளே மரை போட்ட சிறு வளையம் ஒன்றை அதன்மேல் பற்றவைத்தார். பையன் குழாயை மூன்று தடவை கழுவினான். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தான். ஒரு துளி கறுப்பு இருந்தது. நான்காம் தடவையும் கழுவினான். இரண்டு ஒயர்களை நீட்டிப் பற்றவைத்து, மேலே உறை போட்டு, சூடான பாகங்களில் படாமல் கட்டினான்.

"அவ்வளவுதானே?" என்றேன்.

"இனிமேல்தான் மாமா வேலையே. இத்தனை நாள் பொய்யான அளவை வச்சுக்கிட்டு மத்த எண்களையெல்லாம் அதுக்குத் தகுந்தாப்பலே திருத்தி வச்சிருக்கேன். இப்போ அளவு நிஜமாயிடுச்சு. பழைய கணக்கு பூரா தப்பு."

சனிக்கிழமை இரவு இரண்டு மணிவரை எண் எண்ணாகத் திருத்தினான். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் என் கணக்கையும் பார்த்தேன். நான் இவனைச் சென்னையில் இருந்துகொண்டு அளந்தவன். உள்ளே என்ன அழுத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் தங்கையோ அவனை ஒட்டியே இருக்கிறவள். கணவனை இழந்து, ஒற்றை ஆளாக வளர்த்த பயம் அவள் உடம்பில் ஏறியிருக்கிறது. அவள் சொன்ன உஷ்ணத்தில் பாதி அவளுடையது. இரண்டையும் நம்பி நான் ஒரு தீர்ப்பை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையத்தில் நல்ல வெயில். தங்கை வரவில்லை. பையன் எட்டுச் சுற்று ஓடினான். ஒவ்வொரு தடவையும் அந்த நேர்பாதையின் கோடியில் சத்தம் மாறும்போது என் வயிற்றில் ஏதோ செய்தது. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே கம்ப்யூட்டர் குறித்துவைத்த கணக்கைக் காட்டினான். வரிசையில் நின்றபோது 44 டிகிரி. நேர்பாதையின் முடிவில் 54. தீப்பொறி தானாகத் தாமதப்பட்டிருந்தது. தட்டல், ஒன்றுகூட இல்லை.

இதனால் அவன் பணக்காரனாகிவிடவில்லை. அன்று அந்தக் களத்தில் இருந்தவர்களில் இரண்டு பேர் தங்கள் கார்களையும் பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். கொட்டகை வாடகைக்கு அது காணாது. வேலையை விட்டது சரியா என்று கேட்டால் இன்றும் என்னால் பதில் சொல்ல முடியாது.

ஊருக்குப் புறப்படும்போது தங்கை வாசலில் நின்று கேட்டாள்: "புத்தி சொன்னீங்களா அண்ணா?"

"இல்லை" என்றேன். "உன்னிடமும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒருநாள் நீயே அந்தக் கொட்டகைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார். ஸ்டூல் இருக்கிறது."

அவள் பதில் பேசவில்லை. போன வாரம் பையன் டெலிபோனில் பேசினான். காரைப் பற்றி ஏதேதோ சொல்லிவிட்டு, வைக்கும் சமயத்தில், "மாமா, அம்மா இப்போ சாயங்காலம் நாலு மணிக்குக் காப்பியைக் கொட்டகைக்கே கொண்டு வராங்க" என்றான்.