மலைவழிக்கு ஓர் ஆற்றுப்படை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையுமில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுமில்லை. பனந்தோப்பையும் கடற்கரையையும் கண்டு வளரும் எம் மாணாக்கர்க்குக் குறிஞ்சி என்பது ஏட்டிற் படிக்கும் நிலமேயன்றிக் காலால் உணர்ந்த நிலமன்று. இக்குறையைப் போக்க எண்ணி, யாம் சில ஆண்டுகளாக உயர்வகுப்பு மாணவரை மலைநாட்டிற்கு அழைத்துச் சென்று, ஒரு பகல் நடந்து மீள்கின்றோம். அந்நடையால் அறிந்தவற்றை இவ்யூபிலி மலரில் எழுதிவைத்தல் இனிச் செல்வோர்க்குப் பயன்படுமென நம்புகின்றோம்.

பத்துப்பாட்டில் இறுதியாக வைத்தெண்ணப்படும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்பட்ட கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்தது. அதனைக் கற்பிக்குங்கால் மாணாக்கர் வியப்பதொன்றுண்டு. வள்ளலைப் புகழ எழுந்த பாட்டிலே, பன்றிக்கு வைத்த பொறியும், குழியிற் கிடக்கும் பாம்பும், புனங்காப்போர் வீசும் கவண்கல்லும், வழுக்கு நிலமும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. பரிசிலின் பெருமையைச் சொல்லிப் பாதையின் இடரை மறைத்தல் ஆற்றுப்படுத்தலாகாது என்பது இதனால் விளங்கும்.

யாம் செல்லுமிடம் ஹோட்டன் சமவெளி. அது 1988இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகவும் உள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயர்ந்தது. 1,000 மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை செல்சியசு குறையும். ஆகவே, 28 பாகையிற் பழகிய உடம்பு அங்கே 15 பாகையை எதிர்கொள்கின்றது. தை, மாசி மாதங்களில் வைகறைப் புல்லின்மேல் உறைபனியும் காணலாம்.

சிறிய உலகமுடிவு, உலகமுடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்பவற்றைச் சுற்றி வரும் நடைவழி ஏறத்தாழ 9 கிலோமீற்றர். உலகமுடிவில் நிலம் 850 மீற்றருக்கு மேல் ஒரேயடியாகக் கீழிறங்குகின்றது. காலை 9 அல்லது 10 மணிக்குப் பின் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி விளிம்பையே மறைத்துவிடுவதுண்டு. ஆதலின், முதல் ஆயத்தம் பையில் அன்று, கணக்கில் உள்ளது. கூட்டமாகச் செல்வோர் மணிக்கு 2½ கிலோமீற்றர் நடப்பரெனின் நடைக்கு ஏறக்குறைய 4 மணி நேரம்; இளைப்பாறலுக்கு 1 மணி நேரம். எந்நேரம் புறப்படுவது, எந்நேரமாயின் எவ்விடத்தில் நின்றாலும் திரும்புவது என்பவற்றை ஊரிலேயே தாளில் எழுதி, அதன் படியொன்றைப் பெற்றாரிடமும் கொடுத்துச் செல்கின்றோம். மலையிலே நின்று முடிவுசெய்யும்போது ஆசை அறிவை வென்றுவிடும்.

பையைப் பொறுத்தவரை எம் விதி சுருக்கமானது. ஆளுக்கு 1½ லீற்றர் தண்ணீர், மழைச்சட்டை, மாற்று மேற்சட்டையும் காலுறையும், பிடிப்புள்ள சப்பாத்து, ரோச் லைற், ஊதுகுழல். குளிரிலும் கொடியது நனைந்த உடையின்மேல் வீசும் காற்று. நடுங்குபவனை உடனே உலர்ந்த உடைக்கு மாற்றுதல் வேண்டும். உணவுக்கு நம் வீட்டுப் பண்டங்களே போதும். எள்ளுருண்டையும் பயற்றம் பணியாரமும் பனாட்டும் கெடாதவை. சிறிது தின்றாலும் வலுவூட்டுபவை. பொலித்தீனைத் தவிர்த்து, அவற்றை வாழையிலையிலும் தாளிலும் பொதிந்து செல்லல் தகும்.

நடக்கும் ஒழுங்கும் பெரிதே. விரைந்து நடப்பவன் முன்னே சென்றால் கூட்டம் இரண்டாகும். மெல்ல நடப்பவனை முன்னே விட்டு, ஆசிரியர் ஒருவர் கடைசியில் வருதல் வேண்டும். ஒவ்வொரு தங்கலிலும் தலைகளை எண்ணுதல் வேண்டும். இவ்வெண்ணிக்கையை மாணவர் சிலர் கேலி செய்ததுண்டு.

ஓராண்டு உலகமுடிவைக் கடந்து சென்றபோது பனி மூடிற்று. எண்ணிப் பார்த்தோம், 32 பேரில் 31 பேரே இருந்தனர். அக்கணத்தில் எம் நெஞ்சு பட்ட பாடு சொல்லுந் தரமன்று. எவரையும் அசையவிடாது நிறுத்தி, செவிகொடுத்து நின்றோம். சற்று நேரத்தில் இடப்புறமிருந்து ஊதுகுழல் மும்முறை ஒலித்து ஓய்ந்தது. மீண்டும் மும்முறை ஒலித்தது. ஆசிரியர் இருவர் பாதையை அடையாளம் வைத்துக்கொண்டு ஒலி வந்த திசையிற் சென்றோம். சப்பாத்துக் கட்டக் குனிந்தவன், நிமிர்ந்தபின் மரைகள் நடந்த தடத்தைப் பாதையென மயங்கிச் சிறிது தூரம் சென்றிருந்தான். "சேர், வழி தெரியாவிட்டால் அவ்விடத்திலேயே நின்று ஊதவேண்டும் என்று சொன்னீர்கள், அதனால் நின்றேன்" என்றான். பனி விலகியபின் நோக்கினோம். அவன் நின்ற இடத்திற்கும் மலைவிளிம்பிற்கும் இடைப்பட்ட தொலைவு நம் கல்லூரி மைதானத்தின் நீளத்தினும் குறைவு. அன்று முதல் எண்ணிக்கையை எவரும் கேலி செய்வதில்லை.

மலைபடுகடாத்துக் கூத்தனும் இவ்வறிவுரையையே தருகின்றான். இருளில் வழி தவறினால் அலையாது பாறைமேல் ஒன்றுகூடி இசைக்கருவிகளை இயக்குக, ஒலி கேட்டு மலைவாழ்நர் வந்துதவுவர் என்கின்றான். ஊதுகுழல் இடரில் அன்றி வேறெதற்கும் ஊதப்படலாகாது. தொலைபேசியை நம்பி இதனை விடுதலும் ஆகாது. மலையிற் பலவிடங்களில் அதற்குத் தொடர்பு கிட்டாது. தொடர்பு கிட்டுமிடத்தில் 1990 என்னும் இலக்கம் நோயாளர் காவுவண்டியை அழைக்க உதவும்.

வானிலையை மதித்தல் இறுதியானதும் கடினமானதுமாம். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியோடு மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகள் எத்தனையோ குடும்பங்களை அழித்தன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாராது புறப்படுதல் தகாது. மற்றோராண்டு மழை வலுத்தமையால் சிறிய உலகமுடிவோடு மாணவரைத் திருப்பினோம். ஒரு மாணவன் இரண்டு நாள் எம்முடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. மலை எங்கும் போய்விடவில்லை. அடுத்த ஆண்டு அவனே கூட்டத்தின் கடைசியில் நின்று இளையோரை எண்ணிக்கொண்டு வந்தான்.

பழைய மாணவராகிய அன்பர்காள்! நீவிர் பல மலைகளும் பல தேசங்களும் நடந்து மீண்டவர்கள். கல்லூரிக்கு வருங்கால் கண்ட காட்சியை மட்டும் இளையோர்க்குக் கூறி அமையாதீர். கால் வழுக்கிய இடத்தையும் கூறுங்கள்.