தேவதைகள் குடிச்சது போக...

தலைப்பைப் பார்த்துட்டு 'பய கெட்டுட்டான்'னு முடிவு பண்ணிடாதீங்க பாஸ்! ஸ்காட்லாந்துல சட்டப்படி 18 வயசு ஆனா போதும். தமிழ்நாட்டுல 21. எனக்கு 20. ஸோ, இந்தக் கதை அங்கேதான் நடந்திருக்க முடியும்!

ஒரு செமஸ்டர் படிக்க அபெர்தீன் போயிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலையில, "கிளம்புடா, ஸ்பேசைடு போயிட்டு வரலாம்"னு ரூம்மேட் இழுத்துட்டுப் போனான். எல்ஜின் வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். ஸ்பே ஆறு, பார்லி வயல், குளிர்... நம்ம ஊர்ல திருப்பத்துக்குத் திருப்பம் டீக்கடை மாதிரி, அங்கே டிஸ்டில்லரி!

பென் ரின்னெஸ் மலையடிவாரத்துல இருக்குற க்ளென்ஃபார்க்ளாஸுக்குப் போனோம். 1865-லேருந்து கிராண்ட் குடும்பத்தோட கையிலேயே இருக்கு. கோடவுன் சுவரெல்லாம் கன்னங்கரேல். புகைன்னு நினைச்சேன். இல்லையாம்... காத்துல கலக்குற ஆல்கஹாலைத் தின்னு வளர்ற பூஞ்சை!

உள்ளே வரிசையா ஓக் மரப் பீப்பாய்கள். ஸ்பெயின்ல ஷெர்ரிங்கற ஒயின் ஊறின பீப்பாய்கள் அவை. காய்ச்சி இறக்கும்போது விஸ்கி தண்ணி மாதிரிதான் இருக்கும். நிறத்தையும் பழ வாசனையையும் இந்தப் பீப்பாய்தான் கொடுக்குது. குறைஞ்சது 3 வருஷம் ஊறினாதான் அதுக்கு ஸ்காட்ச்னு பேரு. வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாப் போயிடும். அதுக்குப் பேரு 'தேவதைகளின் பங்கு'. இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தேன். 25 வருஷத்துல 100 லிட்டர், சுமார் 60 லிட்டர்!

சாயங்காலம் அபெர்லவர்ல ஒரு சின்ன பார். ரூம்மேட் தன் காசுல அதே டிஸ்டில்லரியோட 1994 விஸ்கி ஒண்ணு வாங்கினான். வின்டேஜ்னா, காய்ச்சின வருஷம். அதாவது, என்னைவிட மூத்தது! ரெண்டு பேருக்கும் சேர்த்து 25 மில்லி.

இங்கே ஒண்ணு சொல்லிடணும். எனக்கு மதுன்னா அப்பாவோட சட்டை வாசனை. அவர் வாசல் ஏறுறதுக்குள்ள அது வந்துடும். அன்னைக்கு ராத்திரி தூங்குவோமா மாட்டோமான்னு அதுலேயே எனக்கும் அம்மாவுக்கும் தெரிஞ்சிடும். அப்பா குடியை விட்டு 4 வருஷம் ஆச்சு. 'தொடவே மாட்டேன்'னு நான் சொல்லி அதுக்கும் மேல ஆச்சு.

கிளாஸை மூக்குகிட்ட கொண்டுபோனேன். உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பாட்டி வீட்டு மர பீரோ... அடேங்கப்பா! ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டு மறுபடி முகர்ந்தேன். எல்லாத்துக்கும் பின்னாடி, மெல்லிசா, அந்தச் சட்டை.

ஒரே ஒரு வாய். முதல்ல இனிப்பு, அப்புறம் நெஞ்சு வரைக்கும் சூடு, கடைசியா நாக்குல மரக் கசப்பு. நல்லா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். நல்லா இருந்ததுதான் பயமா இருந்துச்சு. கிளாஸை ரூம்மேட் பக்கம் தள்ளிட்டேன்.

வெளியே வந்து அப்பாவுக்கு போன் போட்டேன். நம்ம ஊர்ல ராத்திரி பத்து மணி. மறைக்கத் தோணலை. எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"மிச்சம் வெச்சியா தம்பி?"

"வெச்சுட்டேன்ப்பா."

"எனக்கு அது மட்டும் வரவே இல்லைடா"ன்னார்.

பஸ் வர இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு. ஸ்பே ஆத்தங்கரையிலேயே உட்கார்ந்து, அதுவரைக்கும் அவரோட பேசிட்டே இருந்தேன்.