ஏரிக்கரைப் பெஞ்சு

கல்கத்தாவிற்கு வரும் நம்மவர் காளிகட்டத்தில் தரிசனம் முடித்து, விக்டோரியா மண்டபத்தையும் ஹௌரா பாலத்தையும் பார்த்துவிட்டு ஊர் திரும்புவது வழக்கம். 2001 முதல் கொல்கத்தா என்பதே சட்டப்படியான பெயர். நம் வாய்க்குப் பழகியது என்னவோ பழைய பெயர்தான். ரவீந்திர சரோவர் என்னும் ஏரியை அவர்களிற் பலர் காண்பதில்லை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாய் வசித்துவரும் லேக் மார்க்கெட்டிலிருந்து பொடிநடையாகவே அங்குச் சென்றுவிடலாம்.

இது மனிதர் வெட்டிய ஏரி. சதுப்பாய்க் கிடந்த நிலத்தை 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டார் தோண்டுவித்தனர். டாக்குரியா ஏரி என்று வழங்கியதற்கு 1958-இல் தாகூரின் பெயர் சூட்டப்பெற்றது. நீர்ப்பரப்பு சுமார் 73 ஏக்கர். உள்ளே ஒரு தீவு. அதில் ஏரியினும் பழமையான மசூதி. அதனை அடைய ஒரு தொங்குபாலம். தென்புறம் ரெயில் பாதை. என் போன்ற ரெயில்வே குமாஸ்தாவின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

ஆயினும் காணத்தக்கது விடியற்காலைக் கூட்டமே. படகு வலிக்கும் இளைஞர் ஒருபுறம். கம்பளிக் குல்லாயுடன் விரைந்து நடப்போர் ஒருபுறம். ஓரிடத்தில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாய் நின்று கைகளை உயர்த்தி உரக்கச் சிரிப்பர். பம்பாயில் 1995-இல் மதன் கட்டாரியா என்ற டாக்டர் தொடங்கிய வழக்கம் இது. எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை. நடை முடிந்தபின் பெஞ்சுகளில் நடக்கும் 'ஆட்டா'வே எனக்கு உவப்பு. கோதுமை மாவென்று எண்ண வேண்டா. வங்காளத்தில் அரட்டைக்கு அதுவே பெயர். கையில் மண் குவளைத் தேநீர், வாயில் உலக விவகாரம் முழுவதும்!

என் தாயார் காலமான பின்பு தகப்பனாரை இங்கே அழைத்து வந்தேன். தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் ஆற்றுக் குளியலும் திண்ணைப் பேச்சுமாய் இருந்தவர், மூன்றாம் மாடி ஜன்னலருகே அமர்ந்தபடியே இருந்தார். உணவு குறைந்தது, உறக்கமும் போயிற்று. "இன்னிக்கு என்னடா கிழமை?" என்று ஒரே நாளில் மும்முறை கேட்பார்.

டியூட்டிக்குப் புறப்படுமுன் அவரை ஏரிக்கு அழைத்துச் செல்லலானேன். காலை வெளிச்சம் இரவு உறக்கத்தைச் சீராக்கும் என்பதும், வாரத்திற்கு 150 நிமிஷமேனும் நடக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வதும் யாவரும் அறிந்தவை. உறக்கம் மெல்லத் திரும்பியது. ஆனால் அவர் முகம் தெளிந்தது நடையால் மட்டுமன்று. பெஞ்சில் ஒரு வங்காளிப் பெரியவர் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். இவருக்கு வங்காளி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. "கேமொன் ஆச்சேன், தாதா?" என்பார் அவர். "பாலோ!" என்பார் இவர். வேறு எதைக் கேட்டாலும் அதே "பாலோ"தான்! பின் இருவரும் ரெயில் பெட்டிகளை எண்ணுவர்.

ஒருமுறை காய்ச்சலால் தகப்பனார் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் அப்பெரியவர் விசாரித்துக்கொண்டு எங்கள் ஜாகைக்கே வந்துவிட்டார், கையில் நான்கு ஆரஞ்சுப் பழங்களுடன். வராவிடில் தேடுவதற்கு இவ்வூரில் ஓர் ஆள் உண்டு என்பதை அன்று அவர் கண்டுகொண்டார்.

ஏரி எல்லா நோய்க்கும் மருந்தன்று. இரண்டு வாரத்திற்கு மேலும் சோர்வு நீங்காவிடில் டாக்டரைக் காண்பதே முறை. அரசாங்கம் 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மொழி தெரியாத ஊரில் இது சிறிய உதவியன்று.

வீட்டிலிருக்கும் நம் ஸ்திரீகளின் நிலை இன்னும் கடினம். ஆடவர்க்காவது ஆபீஸ் உண்டு. அடுத்த மாதம் ஊரிலிருந்து என் சித்தி வருகிறார். தொங்குபாலத்தருகே வயதான அம்மாள்கள் நால்வர் தினந்தோறும் அமர்கின்றனர். அவர்கள் வரும் நேரம் ஆறரை மணி என்று தகப்பனாரே பார்த்துவைத்திருக்கிறார்.