முதல் படத்துக்குக் கதை வேண்டாம்

பயிற்சிப் படம் எடுக்கிறோம் என்று விஸ்காம் பிள்ளைகள் வந்து நின்றால், கையில் கதை தயாராக இருக்கும். காதல் தோல்வி, அப்பாவின் தியாகம், கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் என்னிடம் அவர்கள் கேட்டு வருவது கேமராவும் லென்ஸும்தான். கொடுக்குமுன் ஒரு நிபந்தனை வைப்பேன்: கதை கொஞ்ச நாள் கிடக்கட்டும், முதலில் ஒரு வேலையைப் படம் பிடியுங்கள்.

நாமக்கல்லில் அதற்குப் பஞ்சமில்லை. எஞ்சினும் சேஸிஸுமாக வந்து நிற்கும் லாரிக்குக் கேபினும் பாடியும் கட்டுகிற பட்டறைகள் இங்கே ஏராளம். வெல்டர், தச்சர், பெயின்டர் என்று ஆளுக்கொரு கைவேலை. எந்த வேலைக்கும் ஒரு தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, கொஞ்சம் பிசகினால் மொத்தமும் கெட்டுப்போகிற ஓர் இடமும் உண்டு. திரைக்கதைக்கு வேண்டியதும் இவ்வளவுதான்.

பெயின்டரை எடுத்துக்கொள்வோம். லாரியின் பின்கதவில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் பெயரை எழுதுகிறார். கேமரா ஒன்றுதான், எழுதிய எழுத்தை அழித்து மறுபடி எழுதச் சொல்லவும் முடியாது. எட்ட நின்று எடுப்பதா, கிட்டப் போவதா? கேமராவைத் தொடாமல் அரை மணி நேரம் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்துவிடும். அவர் கை ஒரே வட்டத்தில்தான் சுற்றுகிறது: டப்பாவில் தோய்ப்பார், விளிம்பில் வழித்துவிடுவார், மூச்சை அடக்கி இழுப்பார், ஓரடி பின்வாங்கிப் பார்ப்பார். எழுத்துக்கு எழுத்து இதேதான். ஆகவே முதல் எழுத்தை வைடில், அடுத்ததைத் தோளுக்குப் பின்னாலிருந்து, அதற்கடுத்ததைப் பிரஷ் நுனியில், இன்னொன்றை அவர் கண்ணில் என்று பிரித்து எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு ஷாட்டையும் அசைவு தொடங்குமுன் ஆரம்பித்து, முடிந்த பிறகும் ஓடவிடவேண்டும். பிரஷ் டப்பாவிலிருந்து எழும்போது வைடை வெட்டி, அதே எழும்பலில் க்ளோஸப்பை ஒட்டினால் வெட்டு கண்ணுக்குத் தெரியாது. கை நின்ற பிறகு வெட்டினால் படம் தடுக்கும். எடுக்காத அசைவை எடிட்டிங்கில் உண்டாக்க முடியாது. எடுக்கும்போதே அந்த மிச்சம் கையில் இருக்கவேண்டும்.

“ஏங் கண்ணு, அதையே எத்தன தடவைதான் புடிப்பீங்க?” என்பார் பெயின்டர். “இன்னொருக்கா மட்டுங்கண்ணா” என்று சிரித்துக்கொண்டே கேட்டு வாங்கத் தெரிவதும் ஒளிப்பதிவில் சேர்த்திதான்.

அடுத்தது வெளிச்சம். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50 வைப்பது வழக்கம்; அப்போதுதான் அசைவு கண்ணுக்கு இயல்பாக இருக்கும். நம் ஊர் உச்சிவெயிலில் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கினாலும், அந்த ஷட்டருக்கு லென்ஸை எஃப் 22 வரை மூடவேண்டி வரும். பெயின்டரும் பின்னால் நிற்கும் பைக்கும் ஒரே துல்லியத்தில் விழுந்து, எதைப் பார்ப்பதென்று தெரியாமல் போகும். அபெர்ச்சரைத் திறந்துவிட்டு ஷட்டரை 1/2000க்கு ஏற்றினால் கை வெட்டி வெட்டி நகரும். அதற்காக வந்ததுதான் என்டி ஃபில்டர்: லென்ஸுக்குப் போடுகிற கூலிங்கிளாஸ். அது இல்லாதவர்கள் ஆளை ஷெட் வாசலுக்கு உள்பக்கமாக, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி உட்காரவைக்கலாம். வாசலுக்கு முதுகு காட்டி மட்டும் உட்காரவைக்கக் கூடாது. வெளிவெயிலைக் கணக்கிட்டு கேமரா முகத்தைக் கரியாக்கிவிடும். செல்போனில் எடுப்பவர்கள் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டவேண்டும்.

ஷெட்டுக்குள் போனால் இன்னொரு வில்லங்கம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஷட்டர் 1/60இல் இருந்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து போகும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சத்தத்தைத் தனியாகப் பிடிக்கவேண்டும். சுத்தியல் விழும் பட்டறையில் பேட்டி எடுத்தால் பேச்சும் போச்சு, சுத்தியலும் போச்சு. பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் பதியலாம். ஆளில்லாத பட்டறையின் சும்மா சத்தத்தையும் அரை நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டால், வெட்டுக்கு வெட்டு விழும் ஓட்டையை அது அடைக்கும்.

வேலையைப் பிடிப்பது டாகுமெண்டரி ஆகாதா, சினிமா எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். பக்கத்துச் சேலத்தை நினைவுபடுத்துவேன். டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவாகி 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’, மு. கருணாநிதியின் வசனத்துக்காக இன்றும் பேசப்படுகிற படம். அதைச் சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியா வந்தவர். வசனம் புரியாதவருக்கு ஷாட் புரிந்திருந்தது. முகமும் உடம்பும் என்ன சொல்கின்றன என்று பார்க்கத் தெரிந்திருந்தது. ஆகவே எடிட் முடிந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். யார், என்ன செய்கிறார், எங்கே சிரமப்படுகிறார் என்பது ஊமைப் படத்திலும் விளங்கவேண்டும். வேலையை இப்படிக் காட்டத் தெரிந்தவருக்கு, அப்பாவின் தியாகத்தைக் காட்ட பக்கம் பக்கமாக வசனம் தேவைப்படாது.

படம் முடிந்ததும் உடனே போட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். யாருடைய வேலையைப் பிடித்தீர்களோ, அவருக்கு முதலில் போட்டுக் காட்டுங்கள். “இது இப்படி வராதுங்க தம்பி” என்று அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி போய் அந்த ஷாட்டை எடுங்கள். கதையை அதற்கப்புறம் எழுதலாம்.